குறை சொல்ல ஒரு கோப்பை

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய் என்று எவராவது காட்டிவிட்டால், சொன்ன வாய்க்கு இனிமேல் சூடாக எதுவும் கிடைக்காமல் போகட்டும். பல் போன வாய்க்கு அதைவிடப் பெரிய சாபம் இருப்பதாகத் தெரியவில்லை. சாட்சி கேட்பவர்களுக்குத் தெருவே சாட்சி. தடயம் கேட்பவர்களுக்கு, காப்பி இயந்திரம் வந்த அட்டைப்பெட்டி அந்த வீட்டு அலமாரியின் மேல் இன்றைக்கும் இருக்கிறது. போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

"சாயங்காலம் வரைக்கும் தாங்கினாலே பெரிசு" என்று சொல்லிவிட்டு டாக்டர் செருப்பை மாட்டிய அந்த நேரத்தில், மருமகள் சமையலறையில் நின்று காப்பித்தூளை இயந்திரத்தின் கைப்பிடிக் கிண்ணத்தில் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள். மாமனார் இரண்டு நாளாகக் கண்ணைத் திறக்கவில்லை. அவருக்கு எதற்குக் காப்பி என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது. விடிந்தால் முதல் கோப்பை அவருக்கு. கை தன்பாட்டுக்கு அதைச் செய்தது.

அவளுக்கு வேலை, கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவள். வீட்டிலும் ஏதாவது கைமீறிப் போவதாகத் தோன்றினால் அவள் வலதுகால் தரையை அழுத்தும். டாக்டர் சொன்னது காதில் விழுந்தபோதும் அழுத்தியது. டாக்டர் நிற்கவில்லை.

பொத்தானைத் தட்டினாள். இயந்திரம் டர்ரென்று உறுமியது. எலிவால் போல மெல்லிசாக, தேன் நிறத்தில் இறங்க வேண்டிய காப்பி, வாஷர் போன குழாய் மாதிரி கொட்டிக் கண்மூடித் திறப்பதற்குள் கோப்பையை நிரப்பிவிட்டது. மேலே சோகை பிடித்த நுரை. முந்தின நாள் அவள் கணவர், சும்மா இருக்க முடியாமல், காப்பிக்கொட்டை அரைக்கும் கையரவையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். துடைத்த கையோடு, தூள் எவ்வளவு நைசு என்று வைக்கிற திருகையும் இடம் மாற்றிவிட்டார். தூள் மணல் மணலாக விழுந்திருந்தது.

அந்த வாசனை நடையைத் தாண்டி, திரையை ஒதுக்கிக்கொண்டு, மாமனார் படுத்திருந்த அறைக்குள் போனது.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "புளிக்குது."

நாடி பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் பிடித்த கையைப் பொத்தென்று போட்டாள். கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்த மாமியார் மட்டும் அசையவில்லை. அவருக்கு அந்தக் குரல் புதிதில்லை.

"தூள் பெரிசு. தண்ணி நிக்காம ஓடிருச்சு. பம்பு சத்தத்திலயே தெரியலையா? டிரைவரம்மா தூங்கிக்கிட்டே ஓட்டுறாங்களா?"

மருமகள் கோப்பையும் கையுமாக ஓடிவந்தாள். மாமனார் கண்ணைத் திறந்து, விட்டத்தைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா!"

"மாமாதான். என்ன, வேற யாராவது படுத்திருப்பாங்கன்னு நெனச்சியா? கொட்டு அதை. வேற போடு."

அவர் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலமெல்லாம் கொதிகலனைக் காவல் காத்தவர். தெருவில் பாய்லர் என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர் மனைவிக்கே சட்டென்று நாக்கில் வராது. நல்லது எதைப் பார்த்தாலும் அவர் வாய் மூடிக்கொள்ளும். குறையைப் பார்த்தால் திறக்கும். ஆகவே பெரும்பாலும் திறந்தே இருக்கும். காப்பி நன்றாக இருந்தால் குடித்து முடித்து, கோப்பையைத் தட்டின்மேல் கவிழ்த்து வைப்பார். அவ்வளவுதான் பாராட்டு. அந்த வீட்டில் கவிழ்ந்த கோப்பையைப் பார்த்தவர்கள் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பார்கள்.

இயந்திரத்தை அனுப்பியவள் சின்னவள், அவருடைய மகள். தூரத்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். பெட்டி வந்த அன்று அவளே போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, கடையில வெச்சிருக்கிற மாதிரி பெரிய மிஷின்லாம் இல்லப்பா. விலை கம்மிதான். பாதி பிளாஸ்டிக். ஆனா எஸ்பிரெஸோ, கப்புச்சினோ எல்லாம் வருமாம்."

"வருமா வராதான்னு நீ வந்து காட்டு. நீ வந்தப்புறம்தான் பெட்டியைப் பிரிப்பேன்."

"அடுத்த மாசம் வரேன்ப்பா."

"அப்ப அடுத்த மாசம் பிரிப்போம்."

வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. புதுச் செருப்பைக் கடைவாசலிலேயே மாட்டிக்கொண்டு, பழையதைக் கையில் தூக்கிவருகிற மனிதர். சாயங்காலத்துக்குள் இயந்திரம் எங்கே இருந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியை மட்டும் எறியக் கூடாது என்று அலமாரிமேல் ஏற்றி வைத்துவிட்டார்.

அந்தப் பெட்டியில் பதினைந்து பார் அழுத்தம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் மாமியார் தண்ணீர் கொண்டுவந்தார். "எங்க பாய்லரு யானை கணக்கா நிக்கும். அதுல முள்ளு பத்தைத் தாண்டினா நான் மதிலேறிக் குதிச்சிருவேன். இந்த டப்பா பதினஞ்சாம்ல, பதினஞ்சு! வீட்டுல எல்லாரும் வெளிய வந்து நில்லுங்க."

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. முதல் நாள் பம்பு ஓடியதும் இயந்திரம் அதிர்ந்து அதிர்ந்து மேசைமேல் நடக்கத் தொடங்கியது. சமையலறையில் ஆரம்பித்த கோப்பை கூடத்தில் போய் நிறைந்தது. பிறகு அதைக் கயிறு போட்டு மேசைக்காலோடு கட்டினார்கள். கயிறு கட்டிய பிறகு மேசையும் சேர்ந்து நடந்தது. ஆவிக்குழாயைப் பாலுக்குள் விட்டபோது அது போட்ட கூச்சலில், எதிர்வீட்டு அறிவிப்பாளர், ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேசியே ஓய்வு பெற்றவர், சட்டையில்லாமல் வாசலுக்கு ஓடிவந்து "நடைமேடை ஓரத்திலிருந்து விலகி நிற்கவும்" என்று தெருவுக்கே அறிவித்தார். அந்தப் பால்நுரை பொங்கிக் கூரையில் போய் ஒட்டியது. மறுநாள்தான் இறங்கியது. அப்போதும் சூடாகத்தான் இருந்தது என்று மாமியார் சொல்வார்.

அதன்பிறகு மாமனாரும் மருமகளும் தினம் ஒரு சண்டை என்று வைத்து அதைப் பழக்கினார்கள். தூள் நைசாக இருந்தால் தண்ணீர் திணறிக் கசப்பை இறக்கும். பெரிதாக இருந்தால் விழுந்தடித்து ஓடிப் புளிப்பை இறக்கும். கோப்பையை முன்னாடியே வெந்நீரில் சூடு பண்ண வேண்டும். தூளைச் சாய்வாக அமுக்கினால் ஒரு பக்கம் பீய்ச்சியடிக்கும். "இது என்ன மாமா, லைசென்ஸ் வாங்கறதைவிடக் கஷ்டமா இருக்கு" என்பாள் அவள். "லைசென்ஸுதான் காசு குடுத்தா கிடைக்குமே" என்பார் அவர். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த கோப்பை நன்றாக வரும்.

அப்படிப்பட்டவர்தான் இப்போது கண்ணைத் திறந்து, வேற போடு என்கிறார்.

மருமகள் சமையலறைக்குப் பறந்தாள். திருகைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தாள். கைப்பிடியைச் சூடாக்கினாள், தூளைச் சமமாகத் தட்டி அமுக்கினாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானைத் தட்டினாள். பம்பு முதலில் முனகி, பிறகு ஒரே சுருதியில் நின்றது. எலிவால் இறங்கியது. மேலே பொன்நிற நுரை, கரண்டி வைத்தால் நிற்கும் போலத் திரண்டிருந்தது. அவள் வாழ்நாளில் போட்டதிலேயே அதுதான் நல்ல கோப்பை.

மாமனார் முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு வாய். முகத்தில் சுருக்கமெல்லாம் பிரித்து விட்டாற்போல் தளர்ந்தது. கண் மெல்ல மூடியது. கை கோப்பையைக் கவிழ்க்கத் தட்டைத் தேடியது.

"நாடி இறங்குது!" என்று நர்ஸ் கத்தினாள். "இறங்குது, இறங்குது, ஐயோ, கிடைக்கவே மாட்டேங்குது!"

மாமியார் எழுந்தார். கணவன் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்கினார். அதில் மீதியிருந்ததை, அருமையான அந்தக் காப்பியை, ஜன்னல் வழியாக வெளியே ஊற்றினார்.

"என்ன அத்தை பண்றீங்க!"

"நீ என்னடி பண்றே? வழியனுப்பி வைக்கறியா? இந்த மனுஷனுக்குக் குறை சொல்ல ஒண்ணு இருக்கற வரைக்கும்தான் உசுரு. நான் என்ன சமைக்கத் தெரியாமலா இத்தனை வருஷம் உப்பைக் கூட்டிக் குறைச்சுக்கிட்டு இருந்தேன்?"

மருமகள் ஒரே பாய்ச்சலில் சமையலறைக்குப் போய், அரைத்த தூளை அமுக்கவே அமுக்காமல் மாட்டி ஓட்டினாள். இயந்திரம் தும்மியது. அரைக்கோப்பை சகதி விழுந்தது.

"அமுக்கினியா?" என்றார் மாமனார், கண்ணைத் திறந்து. "அமுக்கலை! வந்து பாரு, அந்தச் சக்கை கொழகொழன்னு கிடக்கும். வேலை செய்யறப்ப புத்தி எங்க போகுது?"

"ஏறிருச்சு" என்றாள் நர்ஸ், மணிக்கட்டைப் பிடித்தபடி. "நல்லாவே துடிக்குது. திட்டுங்க சார், இன்னும் திட்டுங்க."

சின்னவள் முந்தின இரவே ரயிலேறியிருந்தாள். சாயங்காலம் வந்து சேரவேண்டும். அதுவரை அப்பாவை நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்திவைக்கிற பிரேக் சமையலறை மேசைமேல் கயிறு கட்டிக் கிடக்கிறது. மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். மோசமாக ஓட்டுகிறவர்களோடேயே காலந்தள்ளியவள் அவள். எத்தனை விதமாகக் கெடுக்கலாம் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

அன்று பகல் அந்த வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரிகளில் ஒருத்தி கொட்டையை வறுத்துக் கருக்கினாள், ஒருத்தி கோப்பையைப் பனிப்பெட்டியில் வைத்து எடுத்தாள். தெருவில் யார் வீட்டில் பழைய, வாசனை செத்த தூள் இருக்கிறது என்று தேடி ஆள் போனது. மாமனார் படுத்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னார். சக்கையின் மேல் சக்கை போட்டதை மூக்கால் பிடித்தார். தொட்டியில் தண்ணீர் குறைவு என்பதைக் காதால் பிடித்தார். பால்நுரையில் குமிழி பெரிதாக இருந்ததைப் பார்த்து, "இது காப்பிக்கா, துணி துவைக்கவா?" என்றார். மகன், தெருமுனையில் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர், அப்பாவுக்காக ஆசையாக, தன்னால் முடிந்த அளவு நன்றாகவே ஒரு கோப்பை போட்டுக் கொண்டுவந்தார். அதைப் பார்த்ததும் பெரியவர் தலையணையிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"இது என்னடா?"

"கப்புச்சினோப்பா."

"இது கப்புச்சினோன்னா நான் கலெக்டரு."

அந்த ஒரு கோப்பை மதியம்வரை தாங்கியது. மகன் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆவி படிந்ததா, வேறா என்று யாரும் கேட்கவில்லை. "நான் போட்டதுதான் ரொம்ப நேரம் நின்னுச்சு, பார்த்தியா?" என்று மனைவியிடம் மட்டும் பெருமையாகச் சொன்னார்.

எதிர்வீட்டு அறிவிப்பாளர் பழைய சிநேகிதர்களுக்குப் போன் போட்டு, ரயில் எங்கே வருகிறது என்று கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். சாதாரணமாகச் சொல்ல அவருக்கு வராது. வாசலில் விறைப்பாக நின்று, மூக்கைப் பிடித்தாற்போன்ற குரலில், "பயணிகளின் அன்பான கவனத்திற்கு. சின்னவள் வந்துகொண்டிருக்கும் வண்டி, தண்டவாளப் பணி காரணமாக, ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் நிற்கிறது. ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்றார்.

"எவ்வளவு நேரம் நிக்குமாம்?"

"மறு அறிவிப்பு வரும்வரை."

"யோவ், உன் வாயால நல்லதே வராதாய்யா?" என்றார் மாமியார்.

அப்போதுதான் புது வில்லங்கம் வந்தது. முன்பே செய்த தப்பைத் திரும்பச் செய்தால் மாமனார் கண் திறக்கவில்லை. "அதான் காலையிலயே சொல்லிட்டேனே" என்று உதடு மட்டும் அசையும். நாடி இறங்கும். ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு புதுத் தப்பு வேண்டியிருந்தது. வண்டியோ பாலத்தருகே நிற்கிறது. மருமகள் சமையலறை நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றாள். புளிப்பு தீர்ந்தது. கசப்பு தீர்ந்தது. சூடு, ஆறல், சகதி, தண்ணி, எல்லாம் தீர்ந்தது. உலகத்தில் காப்பியைக் கெடுக்க இவ்வளவுதான் வழியா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசியில், வேறு வழியில்லாமல், தூளில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு இறக்கிக் கொண்டுபோனாள்.

மாமனார் ஒரு வாய் வைத்தார். கண்ணைத் திறந்தார். இந்தமுறை திட்டவில்லை. அவளையே பார்த்தார்.

"இது தப்பு இல்லையே. தெரிஞ்சே செஞ்சது."

அவள் வலதுகால் தரையை அழுத்தியது.

"காலையிலேருந்து பார்க்கறேன். ரெண்டாவது கோப்பைதான் கோப்பை. அதைக் கவிழ்க்கக்கூட விடலை. எதுக்குடி கெடுக்கறே?"

அவர் அவளை 'டி' போட்டுப் பேசியது அதுதான் முதல்முறை. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"சின்னவ வந்துக்கிட்டிருக்கா மாமா. கொஞ்சம் இருங்க."

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமனார் கோப்பைக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வண்டி எங்க நிக்குது?"

"பாலத்துக்கிட்ட."

"ம்." மீசையைத் துடைத்துக்கொண்டார். "சரி. இன்னொண்ணு போடு. இந்தத் தடவை அந்தக் கிண்ணத்துச் சல்லடையைத் தலைகீழா மாட்டிப் பாரு. நீ அதை இன்னும் செய்யலை."

அதன்பிறகு நடந்ததைத் தெருவே வந்து பார்த்தது. கெடுப்பதற்கு அவரே வழி சொன்னார். அவள் கெடுத்தாள். அவரே திட்டினார். தப்பு தீர்ந்த இடைவெளியில் ஜன்னல் கொக்கியைத் திட்டினார், நர்ஸின் கைக்கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்றார், சமையலறைக் கூரையில் நுரை ஒட்டிய கறைக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை என்று மகனைப் பிடித்துக்கொண்டார். நடுவில் எட்டிப்பார்க்க வந்த டாக்டரிடம், "சாயங்காலம் தாங்காதுன்னீங்களாமே, சாயங்காலம் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும் உங்க ஊருல?" என்றார். டாக்டர் நாடியைப் பார்த்தார். பிறகு நர்ஸைப் பார்த்தார். பிறகு அவருக்கும் ஒரு கோப்பை கிடைக்குமா என்று கேட்டார். கொடுத்தார்கள். குடித்துவிட்டு வாயே திறக்காமல் போனார். கெடுத்ததில் எந்தக் கோப்பை என்று பிறகுதான் மருமகளுக்கு ஞாபகம் வந்தது.

வெளியே குரல் உயர்ந்தது. "பயணிகளின் அன்பான கவனத்திற்கு! வண்டி வந்துவிட்டது! வண்டியிலிருந்து சின்னவள் இறங்கிவிட்டாள்! ஆட்டோ தெருமுனையில் திரும்புகிறது!" ஆயுளில் முதல்முறையாக அவர் குரல் மூக்கிலிருந்து வராமல் நெஞ்சிலிருந்து வந்தது.

சின்னவள் வேலையிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருந்தாள். காலில் துறைமுகத்துக் கனத்த பூட்ஸ், தோளில் பை. கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். ரயில் முழுக்க எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவள் மாதிரி வாயைத் திறந்து, "அப்பா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

"வந்துட்டியா? கையைக் கழுவிட்டுப் போய் ஒரு காப்பி போடு. உன் மிஷினு."

"எனக்குப் போடத் தெரியாதுப்பா."

"தெரிஞ்சவங்க போட்டதைத்தான் நாள் பூரா குடிச்சிக்கிட்டு இருக்கேன். நீ போ."

மருமகளுக்கு உள்ளே துள்ளியது. கத்துக்குட்டி! முதல் நாள் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களிடம் தப்புக்குப் பஞ்சமே கிடையாது. அவர்களுக்கே தெரியாத தப்பெல்லாம் அவர்கள் கைவசம் இருக்கும். தான் பகல் முழுக்க மண்டையை உடைத்துத் தேடியதை இவள் ஒரே கோப்பையில் கொட்டிவிடுவாள். இவளை இங்கேயே நிறுத்திக் காலை மாலை போடவைத்தால், மாமனார் மாதக்கணக்கில் எழுந்து உட்கார்ந்து திட்டலாம். மறுபடி நடக்கக்கூடச் செய்யலாம். கொதிகலன் அறைக்கே வேலைக்குப் போனாலும் போவார்.

"அண்ணி, இதை எங்க மாட்டணும்?"

"உனக்கு எங்க தோணுதோ அங்க."

"தூள் எவ்வளவு?"

"உன் இஷ்டம்."

"தப்பாச்சுன்னா?"

"ஆகட்டும். தாராளமா ஆகட்டும்."

சின்னவள் ஒன்று விடாமல் செய்தாள். ஈரக்கைப்பிடி, கோணல் தூள், ஆறிய கோப்பை. பக்கத்தில் நின்ற மருமகளின் கை பரபரத்தது, கால் தரையை அழுத்தி அழுத்தித் தேய்த்தது. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இயந்திரம் ஓலமிட்டது, மேசையோடு இரண்டடி நகர்ந்தது, பக்கவாட்டில் பீய்ச்சிச் சின்னவளின் சட்டையை நனைத்தது. கோப்பையில் விழுந்தது பார்க்க இரண்டு நிறத்தில் இருந்தது. மேலே வெளுப்பு, கீழே கறுப்பு, நடுவில் தூள் நீந்தியது. பிரமாதம் என்று மருமகள் மனதுக்குள் கைதட்டினாள். இதைவிட மட்டமாக இனி எவனும் போட முடியாது.

சின்னவள் இரண்டு கையாலும் கோப்பையை ஏந்திக்கொண்டு போனாள். எல்லோரும் கட்டிலைச் சுற்றிக் கூடினார்கள். மகன் அப்பாவுக்கு முதுகுக்குத் தலையணை வைத்தார். நர்ஸ் நாடியைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கி, நல்ல திட்டு ஒன்றுக்காகக் காத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் நின்றார்.

மாமனார் முகர்ந்தார். மூக்கு லேசாகச் சுருங்கியது. மருமகளுக்கு நம்பிக்கை பொங்கியது.

ஒரு வாய் குடித்தார்.

ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு வாய் குடித்தார். மகளைப் பார்த்தார். நனைந்த சட்டையை, பூட்ஸை, பயணத்தில் கலைந்த தலையைப் பார்த்தார். மிச்சத்தை அவசரமில்லாமல், தூள் பல்லில் நெறிபட நெறிபடக் குடித்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

அவர் தட்டைத் தேடினார். சின்னவள் நீட்டினாள். கோப்பையை அதன்மேல் கவிழ்த்தார். அடியில் தங்கியிருந்த தூள் தட்டு முழுக்க வழிந்தது. அதை அவர் பார்க்கவில்லை. தலையணையில் சாய்ந்துகொண்டார்.

மருமகளின் வலதுகால் தரையை அழுத்தியது. இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அழுத்தியது.

நர்ஸ் மெல்ல, பிடித்த கையை இந்தமுறை பொத்தென்று போடாமல், படுக்கையில் வைத்தாள்.

யாரும் அழ ஆரம்பிக்குமுன் மாமியார் குனிந்து, தட்டில் வழிந்திருந்ததை விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் கோணியது.

"கண்ராவி" என்றார். பிறகு அந்த விரலைப் புடவையில் வெகுநேரம் துடைத்தார். "பொய்யே பேசத் தெரியாத மனுஷன். கடைசியில ஒண்ணு சொல்லிட்டுப் போயிட்டார்."

தெருவில் நாற்காலிகள் போடும் சத்தம் கேட்டது. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து, வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டு அறிவிப்பாளர் வாசலில் வந்து விறைப்பாக நின்றார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

மருமகள் சமையலறைக்கு வந்தாள். இயந்திரத்தின் சின்னச் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கக் கை போய்த் திரும்பி வந்தது. பின்னாலேயே சின்னவள் வந்தாள், கவிழ்ந்த கோப்பையும் தட்டுமாக. யாரையும் நிமிர்த்த விடாமல் அப்படியே தூக்கிவந்திருந்தாள்.

"அண்ணி, நெஜமாவே நல்லாவா இருந்துச்சு?"

"கவிழ்த்து வெச்சாரே" என்றாள் மருமகள்.

சின்னவள் தலையாட்டினாள். கோப்பையைத் தட்டோடு மேசையில், இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தடயம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: அட்டைப்பெட்டி சொன்னபடியே அலமாரியின் மேல் இருக்கிறது, இறக்கினால் வந்த அன்றைக்கு இருந்த அதே கனம் கனக்கும், கடையில் ஒட்டிய நாடா இன்னும் பிரிக்கப்படவில்லை.